அண்ணனுக்கு 14, தம்பிக்கு 4, பாட்டிக்கு மூட்டுவலி... எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு டூர் போக முடியுமா?

முழுஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே பல வீடுகளில் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?"

அப்பா ஊட்டி என்பார். அம்மா, "எங்கேயாவது கூட்டம் இல்லாத இடமா பாருங்க" என்பார். ஒன்பது வயது மகள் யானை பார்க்க வேண்டும் என்பாள். நாலு வயதுக் கடைக்குட்டிக்கு ரயில் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடித்த அண்ணன் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை" என்பான். உடனே பாட்டி, "எனக்கும் மலை ஏற முடியாது. நான் இவனுக்குத் துணையா இருந்துக்கறேன்" என்று முடித்துவிடுவார்.

கடைசியில் ஒரு வேனைப் பிடித்து, ஒரே நாளில் ஏழு இடம் பார்க்கும் 'சைட் சீயிங்' நடக்கும். இறங்கு, போட்டோ எடு, ஏறு. சின்னவன் பாதி நேரம் தூங்குவான், மீதி நேரம் வாந்தி எடுப்பான். ஊர் திரும்பியதும் என்ன பார்த்தோம் என்று கேட்டால் குழந்தைகளுக்கு மிளகாய் பஜ்ஜிதான் ஞாபகம் இருக்கும்.

இதற்கு மாற்றாக இப்போது பல குடும்பங்கள் தேடுவது, உடம்பை அசைக்கிற சுற்றுலா. காட்டுப் பாதையில் நடப்பது, துடுப்புப் படகில் போவது, பறவை பார்ப்பது என்று ஏதாவது ஒன்றை, இடம் தெரிந்த வழிகாட்டி ஒருவருடன் செய்வது. ஆனால் வீட்டில் நாலு வயதும் பதினாலு வயதும் இருக்கும்போது இது சாத்தியமா? சாத்தியம்தான். கொஞ்சம் வேறு மாதிரி திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை கோடை மிச்சம் இருக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மூத்தவனுக்கு இப்போது 14 வயது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பிறகு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, கோச்சிங். அதன்பின் கல்லூரி, அநேகமாக ஹாஸ்டல். அப்போது கடைக்குட்டிக்கு வயது ஏழோ எட்டோ. அதாவது தம்பிக்கு விவரம் தெரிந்து, அண்ணன் கூடவே இருந்து, இருவரும் ஒன்றாக ஒரு காட்டில் நடக்கக்கூடிய கோடை விடுமுறைகள் மூன்றோ நான்கோதான். அதிலும் தேர்வுகளும் சிறப்பு வகுப்புகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது இன்னும் குறைவு. பாட்டியின் மூட்டும் வருடத்துக்கு வருடம் இளமையாகப் போவதில்லை.

அதனால்தான், "சின்னவன் கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. சின்னவன் வளரும்போது பெரியவன் வீட்டில் இருக்கமாட்டான்.

வழிகாட்டி எதற்கு?

"கூகுள் மேப் இருக்கிறதே" என்று தோன்றலாம். காட்டுக்குள் மேப் பாதையைக் காட்டும். நேற்று ராத்திரி யானை எந்தப் பக்கம் போனது என்று காட்டாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த விஷயத்தில் 'யாராவது கேட்டால் பார்த்துக்கலாம்' என்று இருக்கவே கூடாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதம், கடினம் என்று மூன்று வகை. இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். கூட வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் பழங்குடி கிராமங்களையும் காட்டோர ஊர்களையும் சேர்ந்த பயிற்சி பெற்ற இளைஞர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெற்றோருடன் எளிய பாதைகளில் மட்டுமே போகலாம். கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறலாம் என்பதால் பணம் கட்டும் முன் அந்தப் பாதைக்கான பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

வழிகாட்டியால் இன்னொரு லாபமும் உண்டு. அப்பா சொன்னால் கேட்காத பதினாலு வயது, தன்னைவிட ஏழெட்டு வயதே பெரியவரான ஓர் அண்ணன் சொன்னால் கேட்கும். "இது சிறுத்தை கீறிய மரம்" என்று அந்த அண்ணன் காட்டினால், போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

முதல் விதி: தூரத்தைச் சின்னவன் கால் முடிவு செய்யட்டும்

பெரும்பாலான குடும்பங்கள் செய்வது, பெரியவர்களுக்கு ஏற்ற தூரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "முடியலைன்னா தூக்கிக்கலாம்" என்பது. சமதளத்தில் பதினாறு கிலோ குழந்தையைத் தூக்குவது வேறு, சரிவில் தூக்கிக்கொண்டு இறங்குவது வேறு. கால் வழுக்கினால் இருவருக்கும் அடி.

மலையேறுகிறவர்கள் நேரம் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது நல்ல உடல்வாகு உள்ள பெரியவர்களுக்கான கணக்கு. நாலு வயதுக் குழந்தை கூட இருந்தால் வரும் விடையை இரண்டால் பெருக்கி, அதற்கு மேல் ஓய்வு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் குழந்தை நடப்பதில்லை; நின்று நின்று பார்க்கிறது. எறும்பு வரிசை, வித்தியாசமான கல், மாட்டுச் சாணி எல்லாமே அதற்கு 'வியூ பாயின்ட்'தான்.

பொதுவாக, நாலைந்து வயதுக் குழந்தைக்கு ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் போதும். எட்டு, ஒன்பது வயதுக்கு நாலைந்து கிலோமீட்டர் சரியாக இருக்கும். பழக்கம் உள்ள பதினாலு வயது எட்டு, பத்து கிலோமீட்டர்கூட நடந்துவிடும். எல்லோரும் சேர்ந்து நடக்கும் நாளில் அளவுகோல் கடைக்குட்டியுடையதுதான்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை முதுகுப்பையில் சுமந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடப்பவருக்கு வியர்க்கும், பைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். தன் உடம்பை வைத்துக் குழந்தையின் உடைக்குக் கணக்குப் போடக் கூடாது.

இரண்டாம் விதி: பெரியவனுக்கு ஒரு பொறுப்பு

சின்னவன் வேகத்தில் நடந்தால் பெரியவனுக்குச் சலிப்பு வரும். அங்கேதான் டூர் கெட்டுப்போகிறது. அவனிடம் "தம்பியைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னால் அது வேலை, பொறுப்பு அல்ல. நிஜமான பொறுப்பு என்றால் டூர் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும்.

இரண்டு பாதைகளைக் கொடுத்து, "இதில் எது நமக்குச் சரிவரும்னு நீ பார்த்துச் சொல்லு" என்று அவனிடமே விடலாம். தூரம், ஏற்றம், வானிலை, கட்டணம் எல்லாவற்றையும் அவன் தேடிப் பிடிப்பான். காட்டுக்குள் போனதும் வழிகாட்டிக்கு அடுத்து நடந்து, நேரத்தையும் ஓய்வு இடங்களையும் குறிப்பது அவன் வேலை. தான் தேர்ந்தெடுத்த பாதை என்பதால் "போரடிக்குது" என்று சொல்ல அவனுக்கே மனசு வராது.

நடுப்பிள்ளையை மறந்துவிடுவதும் வழக்கம்தான். ஒன்பது வயதுக்குக் கேள்விகள் அதிகம். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து, வழிகாட்டி சொல்லும் மரம், பறவைப் பெயர்களை எழுதச் சொல்லலாம். முடிந்தால் ஒரு பைனாகுலர். முதலுதவிப் பையும் அவள் முதுகில் இருக்கட்டும். அது லேசாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

கடைக்குட்டிக்கும் ஒரு வேலை உண்டு. எந்த இடத்தில் கடலைமிட்டாய் பிரிப்பது என்று முடிவு செய்பவன் அவன்தான்.

மூன்றாம் விதி: ஒரே ஊர், ஒரே அறை

மூன்று நாளில் மூன்று ஊர் என்றால் பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். ஒரே இடத்தில் தங்கி, காலையில் மட்டும் ஒரு செயல்பாடு, மதியம் சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் சும்மா உலாத்துவது என்று வைத்துக்கொண்டால் எல்லா வயதுக்கும் ஒத்துவரும்.

மலைப்பாதையின் வளைவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. வாந்தி வரும் குழந்தை இருந்தால் வயிறு முட்டச் சாப்பிட வைக்காமல், தூரத்தில் தெரியும் சாலையைப் பார்க்கும்படி உட்கார வைத்து, நடுவில் இரண்டு முறை வண்டியை நிறுத்தித்தான் போக வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்த நாளில் வேறு எந்தத் திட்டமும் வைக்காமல் இருப்பதே நல்ல திட்டம்.

நாலாம் விதி: பிரியலாம், ஆனால் சேரும் நேரத்தைக் குறித்துவிட்டு

குடும்ப டூர் என்றால் எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மூன்று நாளில் ஒரு பொழுது, பெரியவனும் அப்பாவும் கொஞ்சம் கடினமான பாதைக்குப் போகலாம். அல்லது அம்மா போகட்டும். அப்பா சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். எப்போதும் அம்மாவே அறையில் குழந்தையோடு தங்கிவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. அவருக்கும் அது விடுமுறைதானே!

கொல்லிமலை இதற்கு நல்ல உதாரணம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம்போல் இருக்கும்; ஏறும்போதுதான் தெரியும். மூட்டுவலி உள்ள பாட்டிக்கும் நாலு வயதுக்கும் அது வேண்டாம். ஆனால் படிகள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. பாட்டியும் பேரனும் நிதானமாகச் சாமி கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அருவிக்குப் போய்வரலாம். மேலே வந்ததும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பாடு.

இதில் முக்கியம், சேரும் இடமும் நேரமும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. "வந்ததும் போன் பண்றேன்" என்பது அங்கே செல்லாது. இத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரிடம் சொல்வது என்பதையும் பிரியும் முன்பே பேசிவிட வேண்டும்.

வழிகாட்டியிடம் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்

வழிகாட்டியைக் காட்டின் வாசலில் முதல்முறையாகப் பார்த்து, "இவன் கொஞ்சம் மெதுவா நடப்பான்" என்று சொல்வது தாமதம். முன்பதிவு செய்ததும் தொடர்பு எண் கிடைத்தால் பேசிவிடலாம். சொல்ல வேண்டியவை:

• ஒவ்வொரு குழந்தையின் சரியான வயது. டிக்கெட்டுக்காகக் குறைத்துச் சொல்லும் வயது அல்ல.

• ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தேனீக் கடி பிரச்னை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

• உயரம் என்றால் பயப்படுகிறவர் யார், மூட்டுவலி யாருக்கு என்ற விவரம்.

கேட்க வேண்டியவை:

• பாதி வழியில் திரும்ப முடியுமா? அல்லது மறுபக்கம் போய்த்தான் வெளியேற வேண்டுமா?

• கடைசியாக டாய்லெட் எங்கே இருக்கிறது?

• ஓடை, வழுக்குப் பாறை, செங்குத்து இறக்கம் எங்கெல்லாம் வரும்?

• ஒருவரால் நடக்க முடியாமல் போனால் அவருடன் திரும்ப இரண்டாவது வழிகாட்டி உண்டா?

• பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம்? சிக்னல் எங்கே கிடைக்கும்?

• மழை வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ பயணம் ரத்தாகுமா? பணம் என்ன ஆகும்?

தனியார் அமைப்பு மூலம் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா? 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்' என்ற பதில் போதாது. அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லலாம்.

எப்போது போவது?

காட்டுத்தீ அபாயம் இருக்கும் மாதங்களில் பாதைகள் மூடப்படும். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் மூடப்பட்டிருந்தன. எனவே ஏப்ரல் தொடக்கத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு பாதையைத் தேடக் கூடாது. முதலில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடை என்றால் ஏப்ரல் கடைசி வாரமும் மே மாதமும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அரையாண்டு விடுமுறை இன்னும் வசதி. குளிருக்கு உடை மட்டும் கூடுதலாக வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைக்காடுகளில் அட்டைகள் அதிகம். அட்டை கடித்தால் ஆபத்தில்லை என்றாலும், முதல்முறை பார்க்கும் குழந்தை அலறி, அடுத்த முறை காட்டுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை இது. சீசனில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் உண்டு என்பதால் புறப்படும் நாளன்று காலையில் தேடக் கூடாது.

மூன்று நாள் மாதிரித் திட்டம்: கோத்தகிரி

அப்பா, அம்மா, பாட்டி, 14, 9, 4 வயதுப் பிள்ளைகள் என்று ஆறு பேர் குடும்பத்துக்கு ஊட்டியைவிடக் கோத்தகிரி பொருந்தும். கூட்டம் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து நேர்சாலை.

முதல் நாள்: மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து ஓய்வு. சாயங்காலம் கன்னேரிமுக்கில் உள்ள ஜான் சல்லிவன் பங்களா. நீலகிரியில் ஆங்கிலேயர் குடியிருப்பு தொடங்கிய கதையைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகம். அதிக நடை இல்லை. பாட்டியும் வரலாம்.

இரண்டாம் நாள்: காலையில் லாங்வுட் சோலை. இது ட்ரெக் தமிழ்நாடு பட்டியலில் எளிய பாதை. சுமார் 116 ஹெக்டேர் மட்டுமே உள்ள சின்னக் காடு. ஆனால் 2024-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்றது. மலையுச்சிப் பள்ளங்களில் வளரும் இந்தச் சோலைகள் மழைநீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்திலும் கீழே உள்ள ஊர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. 'ஷோலா' என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகள் எழுதும் சொல் நம் 'சோலை'தான் என்று சொன்னால் மூத்தவனும் நிமிர்ந்து பார்ப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலகிரிக் காட்டுப்புறாவை இங்கே பார்க்க வாய்ப்புண்டு. மதியம் கட்டாயத் தூக்கம். சாயங்காலம் கோடநாடு காட்சிமுனை, வண்டியிலேயே போய்விடலாம். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு தெரியும்.

மூன்றாம் நாள்: பிரியும் நாள். பெரியவனும் அப்பாவோ அம்மாவோ ஒருவரும், வழிகாட்டியுடன் கரிக்கையூர் வழியாகப் பொறிவரைப் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போகலாம். லாங்வுட்டைவிடக் கடினமான பாதை. பழங்கால மனிதர்கள் பாறையில் தீட்டிய படங்களுக்கு முன்னால் நிற்பது பதினாலு வயதில் மறக்காத அனுபவம். மற்றவர்கள் குன்னூருக்குப் போய், அங்கிருந்து உதகை வரை மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் முழுதாகப் போனால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாலு வயதுக்கு அது நீளம். குன்னூர் - உதகை மட்டும் என்றால் சின்னவனுக்கும் பாட்டிக்கும் அளவாக இருக்கும். டிக்கெட்டை மட்டும் மிக முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ராத்திரி எல்லோரும் ஒரே மேஜையில். பாறை ஓவியக் கதையும் ரயில் கதையும் மாறி மாறி வரட்டும்.

மலை வேண்டாம் என்பவர்களுக்கு

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகும்போது படகுக்காரரே வழிகாட்டி. தண்ணீருக்குள் காலூன்றி நிற்கும் சுரபுன்னை வேர்களையும், சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேலே நீட்டி மூச்சுவிடும் வேர்களையும் பார்த்தால் ஒன்பது வயதுக்கு நோட்டு நிறைந்துவிடும். நடக்கவே முடியாத பாட்டியும் முழுதாகக் கலந்துகொள்ளக்கூடிய பயணம் இது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். குழந்தைக்குப் பெரியவர்கள் அளவு ஜாக்கெட்டை மாட்டிவிடுவது ஜாக்கெட்டே இல்லாததற்குச் சமம். தண்ணீரில் விழுந்தால் தலைவழியே கழன்றுவிடும். சின்ன அளவு கேட்டு வாங்கி, இடையில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

யானை பார்க்க வேண்டும் என்ற மகளுக்கு டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கோழிகமுத்தி யானைகள் முகாம். கரியன் சோலை இங்குள்ள எளிய மலையேற்றப் பாதை. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர் டாப்சிலிப். அப்படி வெட்டித் தீர்த்த காட்டில் தேக்கை மீண்டும் வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட் 1933-ல் இறந்தபோது, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையைப் பார்த்தபின் குழந்தைகள் தேக்கு மரத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

• பழகிய ஷூ. டூருக்கென்று வாங்கிய புது ஷூ முதல் கிலோமீட்டரிலேயே கொப்புளம் போடும். குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக வேண்டும்.

• ஸ்டீல் தண்ணீர் பாட்டில், ஆளுக்கு ஒன்று. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை.

• புளிசாதம், சப்பாத்தி, வாழைப்பழம், கடலைமிட்டாய். குரங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு நடக்கவும் கூடாது.

• ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளாஸ்திரி, காய்ச்சல் மருந்து, வழக்கமாக எடுக்கும் மாத்திரைகள், இன்ஹேலர். இன்ஹேலர் வண்டியில் அல்ல, கூடவே வரும் பையில்.

• மழைக்கோட்டு, மாற்று உடை ஒரு செட், தொப்பி. பளீர் நிறங்களும் சென்ட்டும் காட்டுக்குள் வேண்டாம்.

• ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஒரு விசில். விளையாட அல்ல. வழி தவறினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்க வேண்டும்.

திரும்புவது தோல்வி அல்ல

திட்டத்தில் கடைசியாகச் சேர்க்க வேண்டியது, திரும்பும் நேரம். "எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பிவிடுவோம்" என்று புறப்படும்போதே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். அருவி இன்னும் இருநூறு மீட்டர்தான் என்றாலும் சின்னவன் அழுதால், வானம் இருண்டால், வழிகாட்டி தலையசைத்தால் திரும்பிவிட வேண்டும். "இவ்வளவு பணம் கட்டியிருக்கோம்" என்று வழிகாட்டியிடம் வாதாடும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளை, நாளைக்கு நண்பர்களோடு தனியாகப் போகும்போது அதையேதான் செய்வான். "சரி, திரும்பிடலாம்" என்று சொல்லும் அப்பாவைப் பார்த்தவன் அதைக் கற்றுக்கொள்வான்.

உலக சுகாதார அமைப்பு, 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது. அதற்கு மலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டூருக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரையிலோ, பக்கத்துக் குன்றுக் கோயிலின் படிகளிலோ குடும்பமாக நடந்து பார்க்கலாம். சின்னவன் எத்தனை நிமிடத்தில் "தூக்கு" என்கிறான், பாட்டி எந்த இடத்தில் உட்காருகிறார், பெரியவன் எப்போது சிரிக்கிறான் என்று இரண்டு, மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு பிறகு பாதையைத் தேர்ந்தெடுத்தால், முன்பதிவுப் பக்கத்தில் எந்தப் பாதையை அழுத்துவது என்ற குழப்பம் இருக்காது.